தலை அரிப்பு, பொடுகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலையில் வெள்ளை வெள்ளையாக உதிர்கிறது, அரிப்பு நிற்கவில்லை. இது பொடுகுதானா?

பெரும்பாலும் பொடுகுதான். ஆனாலும் மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் தலையை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிடுங்கள். உதிர்வதெல்லாம் பொடுகு இல்லை. ஒன்றுக்குத் தரும் மருந்து இன்னொன்றை முற்றவைக்கும்.

வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, வீட்டில் ஒருவரை வகிடு பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். செதில் சிறிதாக, வெள்ளையாகவோ லேசான மஞ்சளாகவோ, பிசுபிசுப்பாக இருந்து, அடியில் தோல் கொஞ்சம் சிவந்திருந்தால் பொடுகு. அதே செதில் புருவத்திலும் மூக்கோரத்திலும் காது மடிப்பிலும் தாடி மீசையிலும் இருந்தால் அது பொடுகின் முற்றிய வடிவம். மருத்துவர்கள் இதை செபோரிக் டெர்மடைடிஸ் என்பார்கள். மருந்து ஏறக்குறைய ஒன்றுதான், நாள் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும்.

செதில் தடித்து, வெள்ளி நிறத்தில், விளிம்பு கோடு போட்டதுபோல் தெளிவாக, நெற்றி முடியோரத்தைத் தாண்டி வந்திருந்தால் சொரியாசிஸ் என்ற நாள்பட்ட தோல் நோயாக இருக்கலாம். சுரண்டினால் மெழுகைச் சுரண்டினாற்போல் அடுக்கடுக்காக வரும், அடியில் ஊசிமுனை அளவில் ரத்தம் பொட்டிடும். முழங்கை, முழங்கால், நகங்களையும் பாருங்கள். நகத்தில் குண்டூசியால் குத்தியதுபோல் குழிகள் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

வெள்ளைப் புள்ளி முடியிலேயே ஒட்டிக்கொண்டு, இழுத்தாலும் வராமல், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் அதிகமாக இருந்தால் அது ஈர். பொடுகு விரல் பட்டாலே வழுக்கிக்கொண்டு வந்துவிடும், ஈர் வராது. பள்ளிக்குப் போகும் பெண் குழந்தைகளைப் பொடுகு என்று கூட்டிவரும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பொடுகு ஏன் வருகிறது? தலையை அழுக்காக வைத்திருப்பதாலா?

இல்லை. மலசீசியா என்ற பூஞ்சை எல்லார் தலையிலும் குடியிருக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசைதான் அதற்குச் சாப்பாடு. தின்றதுபோக ஒலீயிக் அமிலம் போன்ற கொழுப்பமிலங்களை அது தோலில் விட்டுவைக்கிறது. சிலர் தோல் அதைப் பொறுத்துக்கொள்ளும். பொறுக்காத தோல் எரிச்சலடைந்து, செல்களை அவசர அவசரமாக வெளியே தள்ளும். சாதாரணமாக ஏறத்தாழ ஒரு மாதம் எடுத்து, கண்ணுக்கே தெரியாமல் உதிர வேண்டிய தோல், முதிராமலேயே கொத்துக் கொத்தாகக் கழன்று சட்டைக் காலரில் விழுகிறது.

எண்ணெய்ச் சுரப்பிகள் பருவ வயதில்தான் முழுவீச்சில் வேலை செய்யத் தொடங்கும். அதனால்தான் பொடுகும் அந்த வயதில் ஆரம்பிக்கிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் இன்னொரு விஷயம் கிடைக்கும்: ஆறு ஏழு வயதுக் குழந்தைக்குத் தலையில் செதில் என்றால் பொடுகு என்று முடிவு கட்டக் கூடாது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

தூக்கமின்மை, மன அழுத்தம், வியர்வை, ஹெல்மெட் எல்லாம் அதிகமாக்கும், உண்டாக்காது. பூஞ்சை ஏற்கெனவே எல்லார் தலையிலும் இருப்பதால் இதைத் தொற்று என்றும் சொல்ல முடியாது. ஆனால் சீப்பைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. பேனும் படர்தாமரையும் அந்த வழியாகவும் வரலாம்.

மாமியார் தினம் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்கிறார். தலை காய்ந்துபோனதால்தான் உதிர்கிறது என்கிறார். சரியா?

அவர் மனம் நோகாமல் நிறுத்தப் பாருங்கள். பொடுகைப் பார்த்தால் வறட்சி மாதிரிதான் தெரியும். உண்மையில் பொடுகுத் தலை பெரும்பாலும் எண்ணெய்ப்பசை கூடிய தலை. எண்ணெய் வைத்ததும் செதில் ஊறி முடியோடு படிந்துகொள்ளும். இரண்டு நாளைக்கு உதிராது. குணமானதுபோல் இருக்கும். மூன்றாம் நாள் முன்னைவிட அதிகமாக வரும்.

மலசீசியாவுக்குத் தனக்கு வேண்டிய கொழுப்பமிலங்களைத் தானே தயாரித்துக்கொள்ளத் தெரியாது. வெளியிலிருந்து கிடைத்தாக வேண்டும். நல்லெண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு ஒலீயிக் அமிலம். இரவெல்லாம் அதைத் தலையில் ஊறவிட்டால் யாருக்குப் பந்தி பரிமாறுகிறோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெயில் பெரும்பகுதி லாரிக் அமிலம். பூஞ்சைக்கு எதிராக அதற்குச் சிறிது வேலை உண்டு. ஆனால் சமையலறை எண்ணெயாகத் தலையில் தேங்கி நிற்கும்போது அந்தக் குணத்தை நம்பி இருக்க முடியாது.

அதற்காக எண்ணெயே ஆகாது என்பதில்லை. செதில் தடித்துப் படிந்திருந்தால், தலை குளிப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு இரண்டு தேக்கரண்டி வெதுவெதுப்பான தேங்காயெண்ணெயைச் செதில் இருக்கும் இடத்தில் மட்டும் தடவி ஊறவையுங்கள். செதில் இளகும், மருந்து உள்ளே போக வழி கிடைக்கும். பிறகு முழுவதும் கழுவி எடுத்துவிட வேண்டும். வியாதி அடங்கின பிறகு முடி வறண்டு பறந்தால், காதுக்குக் கீழே உள்ள நீளத்துக்கு மட்டும் நாலு சொட்டு போதும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடவே முடியாது என்றால்?

விட வேண்டாம். உடம்புக்குத் தாராளமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், தலைக்கு உச்சியில் ஒரு சொட்டு வைத்துச் சாங்கியத்தை முடியுங்கள். அன்றைக்கே மருந்து ஷாம்பு போடும் நாளாகவும் வைத்துக்கொண்டால் ஒரே வேலையாகப் போய்விடும்.

எந்த ஷாம்பு வாங்குவது? விளம்பரத்தில் வருவதெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று.

பெயரைப் பார்க்காதீர்கள். பாட்டிலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று இருக்கும், அதைப் படியுங்கள்.

முதலில் வாங்க வேண்டியது கீட்டோகோனசோல் 2%. பூஞ்சையை நேரடியாகக் குறைக்கும். மளிகைக் கடைச் சரத்தில் தொங்கும் ஷாம்புகளில் இது இருக்காது, மருந்துக் கடையில்தான் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு முறை, நாலு வாரம். அடங்கின பிறகு வாரத்துக்கு ஒன்று, அல்லது இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடர வேண்டும்.

அது ஒத்துவரவில்லை என்றால் செலீனியம் சல்ஃபைடு 2.5%. வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம். கழுத்துச் சங்கிலி, தோடு, வெள்ளி மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போடுங்கள், நகை கறுத்துவிடும். நரைத்த முடியிலும் சாயம் போட்ட முடியிலும் நிறம் மாறலாம். நன்றாக அலசாவிட்டால் தலை பிசுபிசுக்கும்.

ஜிங்க் பைரிதியோன் 1% லேசான பொடுகுக்குப் போதும். கடைகளில் பொடுகு ஷாம்பு என்று விற்பவற்றில் நிறைய இதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சிலிருந்து அழகுசாதனப் பொருட்களில் இதைத் தடை செய்திருக்கிறது; நம் ஊரில் விற்பனையில் இருக்கிறது. கழுவிவிடும் ஷாம்புவாகப் பயன்படுத்துவதற்கு அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பீதியடைய வேண்டியதில்லை.

செதில் அப்பளம் மாதிரி படிந்திருந்தால் சாலிசிலிக் அமிலம் 3% உள்ளது செதிலைக் கரைத்தெடுக்கும். நிலக்கரித் தார் கலந்த ஷாம்புவும் உண்டு, சொரியாசிஸுக்குக்கூடத் தருவார்கள். ஆனால் அது வெயிலில் தோலைச் சீக்கிரம் பொசுக்கும். காலையில் அதைப் போட்டுக்கொண்டு களையெடுக்கப் போகிறவர்களுக்கு அது சரிப்படாது, சாயங்காலம் போடட்டும்.

கீட்டோகோனசோல்தான் போட்டேன். நாலு முறை போட்டும் ஒன்றும் ஆகவில்லை.

பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று கணக்குச் சொல்ல எங்களிடம் புள்ளிவிவரம் கிடையாது. ஆனால் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: நுரை வந்ததும் கழுவிவிட்டேன். அங்கேதான் தவறுகிறது. மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும், அதுவும் முடியில் இல்லை, தோலில்.

இப்படிச் செய்து பாருங்கள். முதலில் தலையை முழுவதும் நனைத்து, சாதாரண ஷாம்புவால் ஒருமுறை கழுவி எண்ணெய், தூசி, வியர்வையை எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் மருந்தைப் போட்டால் அது எண்ணெயோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். பிறகு முடியிலிருக்கும் தண்ணீரைப் பிழிந்து எடுங்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தால் மருந்து நீர்த்துப்போகும்.

இப்போது மருந்து ஷாம்பு. ஆண்களுக்கு, குட்டை முடிக்கு 5 மி.லி., அதாவது ஒரு தேக்கரண்டி. இடுப்பு வரை முடி இருப்பவர்களுக்கு 10 மி.லி. உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் அப்பிவிட்டால் முடியின் மேல்பக்கத்துக்குத்தான் போகும். அடர்ந்த முடிக்காரர்கள் விரலால் ஐந்தாறு வகிடு எடுத்து, ஒவ்வொரு வகிட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, விரல் நுனிச் சதையால் தேய்க்க வேண்டும். நகத்தால் அல்ல. காதுக்குப் பின்புறம், பிடரி, முன்நெற்றி ஓரம் ஆகிய மூன்று இடங்களையும் மறந்துவிடுகிறார்கள். பொடுகு அங்கிருந்துதான் திரும்பக் கிளம்பும். புருவத்தில் செதில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கும் கொஞ்சம் நுரையைத் தடவலாம்.

ஐந்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். செல்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா நிற்கும்போது ஒரு நிமிடமே ஐந்து நிமிடமாகத் தோன்றும். அந்த நேரத்தில் உடம்புக்குச் சோப்புப் போடலாம், கொல்லைப் பைப்படியில் ஊறவைத்த துணியைக்கூட அலசி எடுத்துவிடலாம். பிறகு வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். மருந்துக்கு மேல் இன்னொரு வாசனை ஷாம்பு வேண்டாம். கண்டிஷனர் போடுவதானால் முடி நீளத்துக்கு மட்டும்.

இப்படி நாலு வாரம், வாரத்துக்கு இருமுறை செய்தும் அசையவில்லை என்றால்தான் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அப்போது செலீனியத்துக்கு மாறுங்கள், அல்லது இது பொடுகே இல்லையோ என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. அதனால்தான் பொடுகா?

வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி என்று கடலோரம் போகப் போக இந்தக் கேள்வி கூடிக்கொண்டே வரும். உப்புத்தண்ணீர் பொடுகை உண்டாக்காது. ஆனால் பொடுகு மாதிரி ஒன்றை உண்டாக்கும்.

கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் குளியல் சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு வெள்ளைப் படிவமாகிறது. வாளியின் உள்பக்கத்தில் வெள்ளையாகக் கோடு கட்டுகிறதே, அதுவேதான். தலைக்கும் அந்தச் சோப்பையே போட்டால் படிவம் முடியில் ஒட்டிக்கொண்டு, காய்ந்ததும் மாவாக உதிரும். அடையாளம் என்னவென்றால், சீப்பில் சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி பிசுக்குச் சேரும், முடி கயிறு மாதிரி இருக்கும், தோலில் சிவப்போ பெரிய அரிப்போ இருக்காது.

மருந்து வேண்டாம். தலைக்குச் சோப்புப் போடுவதை நிறுத்துங்கள். ஷாம்பு, சீயக்காய் இரண்டும் கடினத் தண்ணீரோடு இப்படிப் படிவம் கட்டாது. கடைசியாக அலசும் இரண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும்: ஐப்பசி கார்த்திகையில் மழைத்தண்ணீர் பிடித்து வைக்கலாம், மற்ற நாளில் குடிக்க வாங்கும் கேன் தண்ணீர். இரண்டு வாரத்தில் உதிர்வது நின்றால் அது பொடுகு அல்ல.

சீயக்காய், அரப்பு, வெந்தயம், பொடுதலை இதெல்லாம் போதாதா?

தலையைச் சுத்தம் செய்யப் போதும். பூஞ்சையைக் கட்டுப்படுத்தப் பெரும்பாலும் போதாது.

சீயக்காயும் அரப்பும் எண்ணெயை எடுக்கும், அது நல்லதுதான். மெஷினில் கொரகொரப்பாக அரைத்த அரப்பும் வடிகஞ்சியில் கரைத்த சீயக்காயும் தலையில் திப்பி திப்பியாகத் தங்கும். காய்ந்ததும் உதிர்வதைப் பார்த்துப் பொடுகு கூடிவிட்டது என்று பயப்படுவார்கள். பொடியை மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள், அரிப்பு இருக்கும் காலத்தில் கஞ்சியை விட்டுவிட்டு வெறும் தண்ணீரில் கரையுங்கள். வெந்தயம் அரைத்துப் பூசினால் குளிர்ச்சியாக இருக்கும், அரிப்பு சற்று அடங்கும், அவ்வளவுதான்.

பொடுதலை வாய்க்கால் கரையிலும் வயல் வரப்பிலும் தரையோடு படர்ந்து கிடக்கும். சித்த வைத்தியத்தில் இதைப் பொடுகுக்குச் சொல்கிறார்கள். காய்ச்சுவதானால் இலைச்சாறும் நல்லெண்ணெயும் சம அளவு, 100 மி.லி.க்கு 100 மி.லி., சிறு தீயில் வைத்துச் சடசடப்பு முழுவதும் அடங்கும் வரை காய்ச்ச வேண்டும். சடசடப்பு இருக்கும்போதே இறக்கினால் உள்ளே நீர் தங்கி, சில நாளில் எண்ணெய் சிக்கடித்துப் பூசணம் பூத்துவிடும். மருந்தடித்த வயலின் வரப்பிலிருந்தும் சாக்கடை ஓரத்திலிருந்தும் இலை பறிக்காதீர்கள். இதையும் குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு தடவிக் கழுவத்தான் வேண்டும். தைலம் என்பதால் இரவெல்லாம் வைத்தால், மேலே சொன்ன பந்தி கதைதான்.

எலுமிச்சைச் சாறு, சின்ன வெங்காயச் சாறு இரண்டையும் நேரே தேய்க்காதீர்கள். சொறிந்து கீறல் விழுந்த தோலில் புண்ணாகும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலோடு வெயிலில் போனால் கறுத்துக் கொப்புளிக்கவும் செய்யும். தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவினால் சிலுசிலுவென்று இருக்கும், அரிப்பு தெரியாது; பொடுகு அங்கேயேதான் இருக்கும். குழந்தை இருக்கும் வீட்டில் அந்த எண்ணெயை வைக்கவே வேண்டாம். கொஞ்சம் கற்பூரம் வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

அறுவடை நாளில் தலை பயங்கரமாக அரிக்கிறது.

அது சுணை. நெல் உமியின் மேல் இருக்கும் நுண்ணிய முள், வைக்கோல் தூசி எல்லாம் வியர்வையில் ஒட்டிக் குத்துகிறது. குறுவை அறுப்பிலும் தை மாதச் சம்பா அறுப்பிலும், அறுவடை மிஷினுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் களத்தில் தூற்றுபவர்களுக்கும் வரும். கழுத்து, முதுகு, கை என்று உடம்பெல்லாம் அரிக்கும், செதில் இருக்காது. தலையை இறுக்கமாகப் பருத்தித் துண்டால் கட்டிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் முதலில் தேய்க்காமல் வெறும் தண்ணீரை ஊற்றி அலசுங்கள், பிறகு ஷாம்பு. தேய்த்தால் சுணை உள்ளே ஏறும். அந்தத் துண்டை அன்றைக்கே துவைத்துவிட வேண்டும். மறுநாள் அதையே கட்டினால் மறுபடியும் அரிப்பு.

மொட்டை போட்டால் போய்விடுமா?

வைத்தீஸ்வரன்கோயிலிலோ வேளாங்கண்ணியிலோ முடியிறக்க வேண்டுதல் இருந்தால் இறக்குங்கள். பொடுகுக்காக இறக்க வேண்டியதில்லை. பூஞ்சை முடியில் இல்லை, தோலிலும் மயிர்க்காலிலும் இருக்கிறது. மொட்டைத் தலையில் செதில் தங்காது, மருந்து நேரே தோலுக்குப் போகும், அதனால் சில வாரம் நன்றாக இருக்கும். முடி வளர வளரத் திரும்பும். போட்டால் புது பிளேடு போடச் சொல்லிக் கேளுங்கள். சிரைத்த அன்று மருந்து ஷாம்பு எரியும், மூன்று நாள் கழித்து ஆரம்பியுங்கள்.

குழந்தைக்குத் தலையில் வட்டமாகச் செதில், அந்த இடத்தில் முடியும் இல்லை.

இது தலையில் வரும் படர்தாமரை. ஷாம்புவோ களிம்போ இதைத் தீர்க்காது. கிருமி மயிர்க்காலுக்குள் இருப்பதால் வாய்வழி மருந்துதான் வேண்டும், அதுவும் மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்கும் அளவில், பொதுவாக நாலு முதல் எட்டு வாரம். முடி தோலோடு ஒடிந்து கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவது, பிடரியில் நெறிகட்டுவது இதன் அடையாளங்கள். சில குழந்தைகளுக்குப் பொதபொதவென்று வீங்கிச் சீழ் கசியும். அதைக் கட்டி என்று நினைத்துக் கீறிவிடக் கூடாது. தாமதித்தால் அந்த இடத்தில் முடி நிரந்தரமாக முளைக்காமல் போகலாம்.

ஒரு குழந்தைக்கு இருந்தால் வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகள் தலையையும் பாருங்கள். கன்றுக்குட்டி, பூனைக்குட்டி மேல் வட்டமாக முடி கொட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், அவற்றிலிருந்தும் வரும்.

கைக்குழந்தைக்கு உச்சியில் மஞ்சள் பொருக்கு?

பயம் வேண்டாம், சில மாதங்களில் தானே போகும். குளிப்பாட்டுவதற்கு கால் மணி நேரம் முன்பு தேங்காயெண்ணெய் தடவி, மெல்லிய துணியால் ஒற்றி, குழந்தை ஷாம்புவால் கழுவினால் போதும். பிய்த்து எடுக்காதீர்கள். சாம்பிராணிப் புகை இதைக் குணமாக்காது, குழந்தையின் மூச்சுக்கும் நல்லதல்ல.

பேன் என்றால் என்ன செய்வது?

பெர்மெத்ரின் 1% லோஷன். கழுவித் துவட்டிய தலையில் தடவி 10 நிமிடம் வைத்துக் கழுவ வேண்டும். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், ஒன்பதாம் நாள் வாக்கில் இன்னொரு முறை போட்டே ஆக வேண்டும். இரண்டாவது தடவையை விட்டுவிட்டுத்தான் மருந்து சரியில்லை என்கிறார்கள். வீட்டில் பேன் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நாளில் போடுங்கள். மண்ணெண்ணெய் கூடவே கூடாது.

நரைக்குச் சாயம் போட்ட பிறகுதான் அரிப்பு ஆரம்பித்தது.

சாயத்தின் ஒவ்வாமை. கறுப்புச் சாயங்களில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருள்தான் வழக்கமான காரணம். போட்டு ஓரிரு நாள் கழித்து, தலையைவிட அதிகமாகக் காது, நெற்றி, இமை இவை அரித்து வீங்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது போகாது. கம்பெனி மாற்றிப் பயனில்லை. கறுப்பு மருதாணி என்று பாக்கெட்டில் விற்கும் பொடிகளிலும் அதே பிபிடி இருக்கும். அரைத்த மருதாணி இலை முடியைக் கறுப்பாக்காது, செம்பட்டையாகத்தான் ஆக்கும். பத்து நிமிடத்தில் கன்னங்கரேல் என்று ஆக்குகிற மருதாணியில் வேறு ஏதோ இருக்கிறது. புதிதாக எதைப் போட்டாலும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரி.

மருந்துக் கடைக்காரர் ஒரு லோஷன் கொடுத்தார். இரண்டே நாளில் அரிப்பு போய்விட்டது, நிறுத்தினால் திரும்ப வருகிறது.

லேபிளைப் படியுங்கள். குளோபீட்டசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் சட்டென்று அமர்த்தும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. கடுமையான அரிப்புக்கு மருத்துவரே சில நாளைக்கு எழுதிக்கொடுப்பதுண்டு, அது வேறு. மாதக்கணக்கில் நாமாகப் போட்டால் தோல் மெலியும், நெற்றியோரத்தில் பரு கிளம்பும், நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். படர்தாமரை மேல் போட்டால் அடையாளமே மாறி, வைத்தியம் பார்ப்பவரையும் ஏமாற்றும். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒரே ட்யூபில் கலந்த களிம்புகளைத் தலை அரிப்புக்குத் தொடவே வேண்டாம்.

கீட்டோகோனசோல் மாத்திரை கேட்டு வாங்கிச் சாப்பிடுவோரும் உண்டு. ஷாம்பு வேறு, மாத்திரை வேறு. மாத்திரை கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. பொடுகுக்கு அது தேவையே இல்லை.

பொடுகால் முடி கொட்டுமா?

பொடுகு வேரை அழிப்பதில்லை. ஓயாமல் சொறிவதால் முடி ஒடியும், அழற்சியால் கொஞ்சம் கூடுதலாக உதிரும். அடங்கியதும் திரும்ப முளைக்கும். வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது வேறு நோய்.

ஒரேயடியாகத் தீர வழி இல்லையா?

இல்லை. தீர்த்துவைப்பதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். எண்ணெய்ச் சுரப்பியும் பூஞ்சையும் இருக்கும் வரை பொடுகுக்கு இடம் உண்டு. ஆனால் அடங்கிய பிறகும் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருந்து ஷாம்பு போட்டுவந்தால் தலை அரிக்காமல் வருடக்கணக்கில் இருக்கலாம். அக்னி நட்சத்திர நாட்களில் வியர்வை காயாமல் இருக்கும்போதும், அடைமழையில் முடி உலராமல் ஈரத்தோடே பின்னிப் பூ வைக்கும்போதும் கூடினால், அந்த மாதம் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை ஆக்கிக்கொள்ளுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? போகும்போது என்ன செய்ய வேண்டும்?

நாலு வாரம் சரியாக மருந்து போட்டும் குறையாவிட்டால், சீழ், காய்ச்சல், வட்டச் சொட்டை, தலையைத் தாண்டி உடம்பில் செதில் இவற்றில் ஏதாவது இருந்தால் போங்கள். சர்க்கரை நோயாளிகள் சீழ்க் கொப்புளத்தைத் தள்ளிப்போடக் கூடாது. பெரியவர்களுக்குத் திடீரென்று, முகம் மார்பு வரை கடுமையாக வந்தால் மருத்துவர் எச்ஐவி பரிசோதனையும் எழுதலாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்களுக்கு இது இப்படி வருவதுண்டு. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாக, ரகசியமாகப் பார்ப்பார்கள்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். தோல் மருத்துவர் வேண்டுமென்றால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகலாம். போட்டுக்கொண்டிருக்கும் ஷாம்பு பாட்டில், லோஷன், சாயப் பாக்கெட் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் தெரியாமல் நீல மூடி போட்ட மருந்து என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மருத்துவமனைக்குப் போகிறோமே என்று முந்தின நாள் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டோ, காலையில் தலை குளித்துவிட்டோ போகாதீர்கள். செதில் இருந்தால்தான் அவர் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்க முடியும்.